இரவில் கை மரத்துப்போவது நரம்பிலிருந்தா, மூளையிலிருந்தா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வயது 41. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறீர்கள். இரண்டு மாதமாக நடு இரவில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது, நான்கு முறை உதறினால் சரியாகிறது. சர்க்கரை நோய் உள்ள உங்கள் அம்மாவுக்கு இரண்டு பாதமும் எரிகின்றன, ஆனால் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. தெரிந்தவர் ஒருவர், "ரெண்டு பேருக்கும் நரம்புத் தளர்ச்சிதான்" என்று ஒரே மாத்திரையில் இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இது மூளையிலிருந்து வருகிறதா, நரம்பிலிருந்து வருகிறதா, நரம்புக்குள் ஓடுவது கரண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டாம் முறை படித்தபோதுதான் உள்ளே இருந்த பயம் தெரிந்தது. கை மரத்துப்போகிறதே, இது பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பா என்பதுதானே நீங்கள் கேட்க நினைத்தது?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. சென்னையில் 23 வருடமாக நரம்புக் கடத்தல் சோதனை செய்யும் டெக்னீஷியன். நோயாளிகள் இதை 'கரண்ட் வைக்கிற டெஸ்ட்' என்பார்கள். கையிலோ காலிலோ ஓரிடத்தில் சின்ன ஷாக் கொடுத்து, அது நரம்பு வழியாக இன்னோர் இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்று அளப்பது என் வேலை. நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் டாக்டர் வேலை. ஆயிரக்கணக்கான கைகளைத் தொட்டுப் பார்த்தவன் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் குழப்பம் 'நரம்பு' என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய். முழங்காலுக்குப் பின்னால் கயிறு போல இழுத்துப் பிடிப்பதையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி, மனம் சோர்ந்தால் நரம்புத் தளர்ச்சி. லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களின் நோட்டீஸில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் அர்த்தம் வேறு, அது உங்களுக்கே தெரியும். இத்தனையையும் ஒரே பெயரால் அழைத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை என்பதும் நியாயமாகத்தான் தோன்றும். நான் அளக்கும் நரம்பு வெளியே தெரியாது. மணிக்கட்டில் ஒரு நூடுல்ஸ் இழையைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். அதற்குள் பல்லாயிரம் நுண்ணிய இழைகள். சில இழைகள் மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகின்றன, மற்றவை தொடுதல், சூடு, வலி ஆகிய செய்திகளை மேலே அனுப்புகின்றன.

உள்ளே ஓடுவது கரண்டா என்றால், பாதி ஆமாம். வீட்டு ஒயரில் வருவது போன்ற கரண்ட் இல்லை. சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் திரியைக் கிள்ளிப் பற்றவைத்தால், ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைக்க, நெருப்பு மறுமுனை வரை ஓடுகிறது. முதல் வெடி நகர்ந்து போவதில்லை, பற்றவைப்பதுதான் நகர்கிறது. நரம்பு இழையிலும் அதுதான் நடக்கிறது. இழையின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரியில் இருப்பது 1500 மில்லிவோல்ட் என்றால், இது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஓரிடத்தில் தூண்டல் வந்ததும் அங்கே உள்ள நுண்ணிய கதவுகள் திறந்து, சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த அதிர்வு அடுத்த இடத்துக் கதவுகளைத் திறக்கிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறி அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு மில்லி செகண்டில், அதாவது செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கில், முடிந்துவிடும். கணவாய் மீன் வகையின் தடித்த நரம்பு இழையை வைத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1952-ல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள், 1963-ல் நோபல் பரிசும் வந்தது.

சரவெடி உவமை இரண்டு இடத்தில் உதைக்கும். வெடித்த சரம் குப்பைதான், நரம்போ அடுத்த நொடிக்குள் பலமுறை வெடிக்கத் தயாராகிவிடும். அப்படித் தயாராவதற்கு உள்ளே வந்த சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக் கொட்ட வேண்டும், அதற்குச் சக்தி வேண்டும். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் சும்மா இருக்கும்போதும் உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் சாப்பிடுகிறது. அந்தச் சக்தியில் பெரும்பங்கு இந்த இறைப்பு வேலைக்கும் செய்தி அனுப்பும் வேலைக்கும்தான் போகிறது. இரண்டாவது, வேகமான நரம்பு இழைகளுக்கு மேலே மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும். உறைக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை சின்ன இடைவெளி. செய்தி அந்த இடைவெளிகளில் மட்டும் கால் வைத்துத் தாவிப் போகும். எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் மின்சார ரயிலுக்கும் தாம்பரத்தை விட்டால் செங்கல்பட்டு என்று போகும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இது.

தோசைக்கல்லில் கை பட்ட அனுபவம் உங்களுக்கு இல்லாமல் இருக்காது. முதலில் 'சுரீர்' என்கிறது. கை தானாகப் பின்வாங்கிவிடுகிறது, அந்த உத்தரவு முதுகுத் தண்டுவடத்திலேயே கொடுக்கப்படுகிறது, மூளை யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'சுரீர்' வந்த இழைக்கு மெல்லிய உறை உண்டு, செகண்டுக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். எரிச்சலைக் கொண்டுவரும் இழைக்கு உறையே கிடையாது, செகண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம். நம் மொழியில் சுரீர், விண்விண், கடுப்பு, குடைச்சல், குறுகுறுப்பு, எரிச்சல் என்று வலிக்கு இத்தனை சொல் இருப்பது எங்கள் தொழிலுக்குப் பெரிய வசதி. டாக்டரிடம் போகும்போது 'பெயின்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தச் சொல் பொருந்துகிறதோ அதைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

நான் அளப்பது உறை போட்ட தடித்த இழைகளின் வேகத்தை. கையில் செகண்டுக்கு 50 மீட்டருக்கு மேல், காலில் 40-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் ஒரு காலத்தில் பெரிய அறிவாளிகளே நினைத்தார்கள். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளைக் கால் நரம்பில் இரண்டு இடத்தில் தூண்டி, தசை துடிக்க ஆன நேர வித்தியாசத்தை வைத்து, செகண்டுக்கு முப்பது மீட்டரை ஒட்டிய ஒரு கணக்கைச் சொன்னார். இன்று எங்கள் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது, தவளைக்குப் பதில் நோயாளி.

ஆனால் எண் என்றாலே உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மீன் விற்கும் ஓர் அம்மா வந்தார். காலையெல்லாம் ஐஸில் கை வைத்துவிட்டு, நேராக வந்து எங்கள் ஏசி ஹாலில் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். கை நரம்புகள் அத்தனையும் 43, 44 என்று வந்தன. பெரிய நரம்பு நோய் போலிருக்கிறது என்று ரிப்போர்ட்டை எழுதவே தொடங்கிவிட்டேன். என் சீனியர் வந்து அந்த அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். பத்து நிமிடம் கையை ஊறவைத்து மறுபடி அளந்தால் 55. தோலின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் வேகம் ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். இது பாடப்புத்தகத்தில் இருந்தது, நான் படித்தும் இருந்தேன். அன்றிலிருந்து கையைத் தொட்டுப் பார்க்காமல் மெஷினை ஆன் செய்வதில்லை.

சரி, நரம்பா மூளையா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் எங்கே ஷாக் அடிக்கிறது? சுண்டுவிரலில். அடி பட்டது முழங்கையில், விரலை யாரும் தொடவே இல்லை. முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு சுண்டுவிரலிலிருந்து வருகிறது. அந்த நரம்பில் எந்த இடத்தில் தூண்டல் வந்தாலும் மூளை அதைச் சுண்டுவிரலிலிருந்து வந்த கடிதமாகத்தான் படிக்கும். ஏனென்றால் எல்லா நரம்பிலும் ஓடும் துடிப்பு ஒரே மாதிரிதான். கண்ணிலிருந்து வருவதும் கால் கட்டைவிரலிலிருந்து வருவதும் துடிப்பாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. எந்த வழியாக வந்தது, எவ்வளவு அடுத்தடுத்து வந்தது என்பதை வைத்துத்தான் மூளை முடிவு செய்கிறது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு இமையோரம் லேசாக அழுத்தினால் வெளிச்சப் பொட்டு தெரிவதும் இதனால்தான். ஆக, மரத்துப்போவதை உணர்வது மூளை, அதற்குக் காரணமான இடம் வழியில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

இதன் உச்சம் என்னவென்றால் கையே இல்லாமல் கை வலிப்பது. விபத்தில் கையை இழந்தவர்கள், இல்லாத விரல்கள் இறுக்கி மடங்கியிருப்பதாகவும் நகம் உள்ளங்கையில் குத்துவதாகவும் சொல்வார்கள். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வெளிநாடு போன மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இவர்களைப் பார்த்தார். சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத கையில் தொட்டது போல இருந்தது. மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். காலியான கையின் இடத்தில் முகத்தின் செய்திகள் குடியேறிவிட்டன என்று அவர் விளக்கினார். இல்லாத கையின் இடத்தில் மற்றொரு கையின் பிம்பம் தெரியும்படி கண்ணாடி வைத்து, இறுகிய விரல்களைப் 'பிரித்து'க் காட்டினார், சிலருக்கு வலி குறைந்தது. இதில் உறுதியானது, இல்லாத உறுப்பில் உணர்ச்சி வருவது உண்மை, கற்பனை அல்ல என்பது. கையின் இடத்தில் முகம் குடியேறுகிறது என்ற விளக்கத்துக்கு இன்று எதிர்வாதம் வலுவாக இருக்கிறது. கை போய்ப் பல வருடம் ஆன பிறகும் மூளையில் கையின் வரைபடம் பெருமளவு அப்படியே இருப்பதாகப் பின்னால் வந்த ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. கண்ணாடிப் பயிற்சியும் எல்லாருக்கும் பலிப்பதில்லை.

எனவே உங்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எந்தெந்த விரல்? அடுத்த முறை விழிப்பு வந்ததும் உடனே உதறாதீர்கள். விளக்கைப் போட்டு, இடது கையால் வலது கையின் ஒவ்வொரு விரலையும் தொட்டுப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் முழுக் கையும் மரத்தது போலத்தான் படும், நின்று பார்த்தால்தான் எல்லை தெரியும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி, இவை மட்டும் மரத்து, சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் நன்றாக இருந்தால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது. ஒரு விரலை நடுவில் கோடு போட்டது போலப் பிரித்து மரக்கச் செய்வது மூளைக்குச் சுலபமான வேலை இல்லை. கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தினாலும் பெரும்பாலும் இவ்வளவு சுத்தமான கோடு வராது. அந்தக் கோடு விழுவது மணிக்கட்டைத் தாண்டி வரும் ஒரு நரம்பின் எல்லையில்.

மணிக்கட்டில் எலும்புகள் அடியிலும் ஒரு தடித்த பட்டை மேலேயுமாக ஒரு சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன, மாலை 6 மணி சைதாப்பேட்டை சுரங்கப்பாதை மாதிரி. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். நாம் தூங்கும்போது மணிக்கட்டை மடக்கிக்கொண்டு தூங்குகிறோம், சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது, நரம்புக்குப் போகும் ரத்தம் குறைகிறது, விழிப்பு வருகிறது. உதறினால் அழுத்தம் இறங்கி, ரத்தம் திரும்பி வருகிறது. 'உதறினால் சரியாகிறது' என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு எங்கள் தொழிலில் மதிப்பு அதிகம், டாக்டர்கள் இதையே ஓர் அறிகுறியாகக் கேட்பார்கள். பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்ததும் காலில் எறும்பு ஊர்வதும் இதே கதைதான், நசுங்கிய நரம்பு விடுபட்டதும் தானாகவே தாறுமாறாக வெடிக்கத் தொடங்குகிறது.

இதைக் கார்பல் டனல் என்பார்கள். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். தைராய்டு குறைவு, சர்க்கரை, மூட்டு வாதம், கர்ப்ப காலம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும், அதனால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு அது கட்டாயம் பார்க்க வேண்டியதும்கூட. தையல் வேலையால் வந்ததா? அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையும் அதிரும் கருவிகளும் இதைக் கூட்டும் என்பதில் சந்தேகம் இல்லை. தடித்த துணியைக் கத்தரிக்கும் கை அந்தக் கணக்கில் வரும் என்பது என் அனுபவம். கம்ப்யூட்டரில் டைப் செய்வதால் வருகிறது என்று பலரும் உறுதியாகச் சொல்வதற்கு அவ்வளவு வலுவான ஆதாரம் கிடையாது.

ஆரம்பத்தில் கெடுவது உறை மட்டும். வேகம் குறையும், இழை பிழைத்திருக்கும். இந்தக் கட்டத்தில் இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட் போட்டுத் தூங்கியே பலருக்குச் சரியாகிறது. (மருந்துக்கடையில் கேட்டால் இறுக்கிச் சுற்றும் எலாஸ்டிக் பேண்டைக் கொடுத்துவிடுவார்கள். அது இன்னும் நசுக்கும். வேண்டியது உள்ளே தகடு வைத்தது.) தேவைப்பட்டால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் அந்தப் பட்டையை வெட்டி இடம் விடும் சின்ன அறுவை சிகிச்சை. விட்டுவிட்டால் இழையே பட்டுப்போகும். கட்டைவிரல் அடியில் உள்ள மேடு வற்றிப்போய், ஊக்கு மாட்டவும் ஊசியில் நூல் கோக்கவும் வராமல், பல வருடம் கழித்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டுப்போன இழை மறுபடி வளர்வது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், அதுவும் எல்லா இழையும் வளர்ந்துவிடுவதில்லை. தையற்காரருக்கு அந்த மேடு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்களைவிட உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர் பிரச்சினை ஓரிடத்தில் நசுங்கியது அல்ல. இரண்டு காலிலும், நுனியிலிருந்து, சாக்ஸ் போட்டது போல ஏறுகிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு இழை இடுப்புப் பகுதியிலிருந்து கால் விரல் வரை போவது, ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த இழைக்கு வேண்டிய பொருட்கள் எல்லாம் முதுகுத் தண்டை ஒட்டியிருக்கும் ஒரு செல்லில்தான் தயாராகின்றன, அங்கிருந்து கால் நுனி வரை சுமந்துகொண்டு போக வேண்டும். அவசரச் சரக்குகள் ஒரு நாளில் சுமார் 40 சென்டிமீட்டர் போகும். இழையின் சட்டகத்தைக் கட்டும் புரதங்கள் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். கணக்குப் போட்டால் பாதத்தை அடைய மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இந்த ஏற்பாடு தடுமாறும்போது, கடைசி வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். நீண்ட நரம்பு முதலில் கெடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சர்க்கரை நரம்பை எந்த வழியில் கெடுக்கிறது, நுண் ரத்தக்குழாய் அடைபட்டா, செல்லுக்குள் ரசாயனம் குழம்பியா என்பதில் பல பதில்கள் இருக்கின்றன, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சரியாக இருக்கலாம்.

எரியவும் செய்கிறது, செருப்பு கழன்றதும் தெரியவில்லை, இது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். தொடுதலைச் சொல்லும் இழைகள் அடங்கிவிட்டன, வலியைச் சொல்லும் மெல்லிய இழைகள் சாகும் முன் காரணமில்லாமல் கத்திக்கொண்டிருக்கின்றன. கத்தல் நின்றால் நல்லது என்று நினைக்காதீர்கள். "எரிச்சல் போயிடுச்சு சார், இப்ப நல்லா இருக்கு" என்று சொன்ன ஒருவரின் பாதத்தில் குண்டூசி குத்தியிருந்ததை நான்தான் பார்த்துச் சொன்னேன். 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட் நமக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதாக ஊரே நம்பிய காலம் அது. கிருமி நரம்பைத்தான் கெடுக்கிறது, வலி தெரியாததால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தும், காயத்தோடு வேலை செய்தும், கொஞ்சம் கொஞ்சமாக விரல்களைத் தொலைக்கிறார்கள் என்று அவர் காட்டினார். சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும் அதே பாடம்தான். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல்லில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். இப்படி வருபவர்கள் எங்களிடம் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. அம்மா கோயிலுக்குப் போகட்டும், காலை ஏழு மணிக்குள் போகட்டும். தினமும் படுக்கும் முன் இரண்டு பாதத்தின் அடியையும் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த மாத்திரை. 'நரம்பு மாத்திரை' என்று விற்பதில் பெரும்பாலும் பி1, பி6, பி12 வைட்டமின்கள்தான் இருக்கும். பி12 குறைந்திருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். உங்கள் அம்மா வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பி12 குறைய வாய்ப்பு அதிகம், சுத்த சைவம் என்றால் இன்னும் அதிகம். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் அவர் தள்ளாடுகிறாரா என்று கேளுங்கள், கால் எங்கே நிற்கிறது என்ற செய்தி மூளைக்கு வராவிட்டால் அப்படி ஆகும். அவருக்கு பி12 அளவைப் பரிசோதித்துவிட்டுக் கொடுப்பது சரி. உங்கள் மணிக்கட்டில் நசுங்கும் நரம்பை வைட்டமின் விடுவிக்காது. வைட்டமின் தானே, என்ன கெடுதல் என்பீர்கள். பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கால் மரத்துப்போகச் செய்யும். இரண்டு மூன்று அட்டைகளில் ஒரே பி6 வெவ்வேறு பெயரில் வந்துகொண்டிருக்கலாம், பின்பக்கம் படியுங்கள்.

இனி நீங்கள் கேட்காமல் கேட்டது. பக்கவாதத்தில் கெடுவது மூளை, அதற்கு அறிகுறி வேறு மாதிரி இருக்கும். மூளையிலிருந்து வரும் கட்டளை வழி, தலைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே குறுக்கே தாண்டுவதால், இடது மூளையில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் வலது பக்கம் முகம், கை, கால் என்று சேர்ந்து தளரும். வலுவும் போகும். வாய் கோணும், பேச்சு குழறும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது திடீரென்று வரும், உதறினால் போகாது. இரண்டு மாதமாக இரவில் மட்டும் வந்து, உதறினால் விலகும் மரத்துப்போதல் பக்கவாதத்தின் குணம் இல்லை. ஆனால் என்றைக்காவது உங்களுக்கோ அம்மாவுக்கோ அப்படித் திடீரென்று ஒரு பக்கம் தளர்ந்தால், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும்கூட, எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முதல் நாலரை மணி நேரம்தான் கணக்கு. 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். பக்கத்து கிளினிக்கில் 'முதலில் காட்டிவிட்டு' போவதில்தான் சென்னை டிராஃபிக்கில் பாதி நேரம் தொலைகிறது.

என் சோதனைக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தடித்த இழைகளைத்தான் என்னால் அளக்க முடியும். எரிச்சலைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் இந்த மெஷினுக்குத் தெரியாது. அதனால் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தாலும் எரிச்சல் பொய் என்று அர்த்தம் இல்லை. "டெஸ்ட்டுல ஒண்ணும் இல்ல, மனசுலதான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லேசான கார்பல் டனலிலும் சிலருக்குச் சோதனை சரியாகவே வரும். அதனால்தான் விரல்களைப் பற்றி இவ்வளவு கேட்டேன். அந்தக் கேள்விக்கு மெஷின் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு வெள்ளைத்தாளில் வலது கையை வைத்துச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். இரவில் விழிப்பு வரும்போது மரத்த இடத்தைப் பேனாவால் நிழலடியுங்கள், மூன்று நாள், மூன்று தாள். அம்மாவுக்குப் பாதத்தின் படம். அவற்றோடு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள், அரசு மருத்துவமனை வெளி நோயாளிப் பிரிவிலும் பார்க்கலாம். சோதனைக்கு எழுதிக் கொடுத்தால், அன்று காலை கையில் எண்ணெயும் கிரீமும் தடவாதீர்கள், அளப்பதற்காகத் தோலில் ஒட்டும் பட்டை ஒட்டாது. வளையல், மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஷாக் கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், கார்க்கதவைத் தொட்டால் அடிப்பது போல, அவ்வளவுதான். காத்திருக்கும் ஹாலில் ஏசி ஜில்லென்று இருந்தால் கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.